சாட் பெட்டியை மூடச் சொல்வதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்டவர்களும் வந்து பேசுகிறார்கள், அதனால் பிள்ளைகள் ஆடும்போது, ஆடுபவர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசும் சாட் பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று பெற்றோருக்கு யோசனை சொல்லியிருந்தீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டியை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று ஒரு வரிகூட இல்லையே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஆடுவது வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், 2004-இல் வந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கில்ட் என்றால் சேர்ந்து ஆடும் குழு, எங்கள் கில்டில் பொள்ளாச்சிப் பையன்களும் வேலந்தாவளம் பையன்களும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம், நடுநடுவே மலையாளமும் வரும்.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசினால் பனைமட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும். போன ஆடியில் 20 பேர் சேர்ந்து ரெய்டு, அதாவது பெரிய எதிரியை அடிக்க, போயிருந்தோம், என் மாமா பையன் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுபவன். "கரண்ட் போச்சு, யூபிஎஸ் ரெண்டு நிமிஷம் தாங்கும்" என்று தட்டியிருக்கிறான். கில்ட் பேச்சு, ரெய்டு பேச்சு, யாருக்கு என்ன பொருள் கிடைத்தது என்ற அறிவிப்பு எல்லாம் ஒரே பெட்டியில் ஓடியதில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஹீலர் இல்லாமல் கொஞ்ச நேரத்தில் விளையாட்டில் 20 பேரும் செத்துக் கிடந்தோம்.

அப்புறம்தான் உட்கார்ந்து சரிசெய்தோம். பாதி வேலைக்கு ஆட்ஆனே, அதாவது விளையாட்டோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரலே, தேவையில்லை. சாட் பெட்டியின் மேலே இருக்கும் டேபில் ரைட் கிளிக் செய்தால் இன்னொரு விண்டோ திறக்கலாம், பொருள் அறிவிப்பை எல்லாம் அங்கே தள்ளிவிடலாம். மீதிக்கு ப்ராட் என்ற ஆட்ஆன் போட்டோம். ஒவ்வொரு வரிக்கும் நேரம் போடும், நீளமான சேனல் பெயரை ஓரிரு எழுத்தாகச் சுருக்கும், வரியை நகலெடுக்கவும் விடும். தனியாக நமக்கு வரும் பேச்சை வேறு விண்டோவில் காட்ட விம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் பார்வை குறைந்த நண்பர் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கிப் பின்னணியை முழுக் கறுப்பாக்கிய பிறகுதான் அடுத்தவர் வாசித்துச் சொல்லாமல் தானே ஆட ஆரம்பித்தார். சாட்டை அணைக்கச் சொன்னால் அவருக்கு விளையாட்டே போய்விடும்.

கரண்ட் போன செய்தி கண்ணில் பட மட்டும் நானே பத்து வரி நிரல் எழுதினேன். ஆட்ஆன்கள் லுவா என்ற மொழியில் எழுதப்படுகின்றன, அது 1993-இல் பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது, கற்க எளிது. திரையில் வருவதற்கு முன் சாட் வரிகளை நாம் எழுதிய வடிகட்டி வழியாக விடலாம். வரியில் "கரண்ட்" என்ற சொல் இருந்தால் மஞ்சளாகக் காட்டி ஒரு மணி அடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதே வடிகட்டியில், தங்கம் மலிவாகத் தருகிறோம் என்று வரும் மோசடி வரியைக் கண்ணில் படாமலே நிறுத்தலாம். பெற்றோர் பயப்படுவது இந்த மாதிரி ஆட்களுக்குத்தானே!

பெற்றோருக்கு அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று. ஆட்ஆன் ஃபோல்டரில் பெரும்பாலும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள்தான் இருக்கும், கூட எழுத்துரு, படம், ஒலி இருக்கலாம். ஆட்ஆன் எழுதுபவர்கள் காசு கேட்கக் கூடாது, நிரலை மறைக்கக் கூடாது என்று இந்த விளையாட்டை நடத்துபவர்களே 2009-இல் விதி போட்டார்கள். ஆகவே ஆட்ஆன் என்று இறக்கியதைத் திறந்தால் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எக்ஸி கோப்பு இருந்தால் தொடவே வேண்டாம், அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான்.

இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் தேடித் தேடிக் கற்றேன். எங்கள் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது சுலபமில்லை. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற கணினி மன்றம் நடக்கிறது, அதில் கட்டைகளை அடுக்குவது போல நிரல் எழுதும் ஸ்கிராட்ச் பழகிய பிள்ளைக்கு என் பத்து வரி ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், தமிழில் சொல்ல ஆள் இருந்தால். உங்கள் இணைப்பில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். திரைப் படங்களோடு முதல் நாலு வாரத்துக்கு நானே எழுதி அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.