அயல் ஆக்கிரமிப்பு இனங்களைக் கண்காணிக்கும் தன்னார்வப் பணி: பெற்றோர் இசைவு வேண்டுதல்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

வேற்று நிலங்களிலிருந்து வந்து பரவிக் கேடு செய்யும் உயிரினங்களான அயல் ஆக்கிரமிப்பு இனங்களைக் கட்டுப்படுத்தும், கண்காணிக்கும் பணியில் நம் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் இவ்வாண்டு முதல் பங்கேற்கவுள்ளது. எட்டாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகள் வரை விருப்பமுள்ள மாணவர்களை இதில் சேர்க்க உங்கள் இசைவைக் கோரியும், பணி எத்தகையது என்பதை முன்கூட்டியே விளக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேற்று நிலங்களிலிருந்து மனிதர்களால் தெரிந்தோ தெரியாமலோ கொண்டுவரப்பட்ட உயிரினங்கள் அனைத்தும் கேடு செய்பவை அல்ல. பல நாட்டு அரசுகள் இணைந்து நடத்தும் ஐபிபிஇஎஸ் அறிவியல் மன்றம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட அயல் இனங்கள் 37,000க்கு மேல் என்றும், அவற்றுள் தீங்கு விளைவிப்பவை 3,500க்கு மேல் என்றும் கூறுகிறது. ஆகவே அயற்செடி என்ற ஒரே காரணத்துக்காக எதையும் பிடுங்கக் கூடாது என்பதே மாணவர்களுக்கு நாங்கள் விதிக்கும் முதல் விதி. ஆசிரியர் பார்த்து உறுதிசெய்த பின்னரே கை வைக்கலாம்.

முதலில் பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்கிறோம். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, இளமையில் கேரட் இலை போல ஆழமாகப் பிளவுபட்ட இலைகளைத் தரையோடு ஒட்டி வட்டமாக விரிக்கும். பின்னர் தண்டு நிமிர்ந்து, ஐந்து சிறு முனைகளுடைய வெண்ணிறப் பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தாங்கும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கக்கூடியது என்பதால், பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்க வேண்டும். மேலாக வெட்டினால் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பூத்துவிட்ட செடியை உலுக்காமல் பையிலிட்டுக் கட்ட வேண்டும். நீரில் மிதந்து படரும் ஆகாயத்தாமரையைப் பொறுத்தவரை, நீரில் இறங்கும் வேலை பயிற்சி பெற்ற பெரியவர்களுடையது. மாணவர்கள் கரையிலிருந்து அதன் பரவலைக் குறிப்பதோடு சரி.

ஒருநாள் கூடிப் பிடுங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. (விழா நாள்களில் அது பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.) மண்ணில் புதைந்த விதைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்கே முளைத்துவிடும். எனவே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு நிலப்பகுதியை ஒதுக்கி, அதே இடத்துக்கு மாதந்தோறும் சென்று, முளைத்தவற்றை எண்ணி, நாள், இடம், படம் ஆகியவற்றுடன் பதிவேட்டில் எழுதச் செய்கிறோம். எதுவும் தென்படாத மாதத்திலும் ‘காணப்படவில்லை’ என்று எழுதியாக வேண்டும். அந்த வரி இல்லையெனில், செடி இல்லாமற்போனதா, எவரும் போகவில்லையா என்பதைப் பின்னர் அறிய வழியில்லை. பரவிவிட்ட பின் அகற்றுவதைவிடத் தொடக்கத்திலேயே கண்டறிவது மிகவும் எளிது என்பதால், பிடுங்குவதைவிடப் பதிவேட்டையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கல்வியாண்டு முழுவதும் வர இயலும் என்றால் மட்டும் பெயர் கொடுக்குமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கக்கூடியது. ஆஸ்துமா, தோல் அழற்சி, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துச் செல்ல மாட்டோம்; அவர்கள் பள்ளியிலேயே வரைபடங்களையும் பதிவுகளையும் சரிபார்ப்பார்கள். இத்தகைய உடல்நலக் குறைகளைத் தயவுசெய்து மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். கையுறையும் முகக்கவசமும் பள்ளி வழங்கும். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் நீங்கள் கொடுத்தனுப்ப வேண்டும். கண்ட உயிரினங்களைப் படத்துடன் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடும் படங்கள் ஆசிரியரின் கணக்கிலிருந்தே செல்லும். மாணவர் பெயரோ முகமோ அவற்றில் இடம்பெறாது.

களத்திலிருந்து புறப்படும் முன் காலணி அடியிலுள்ள சேற்றை அங்கேயே சுரண்டிவிடச் செய்வோம், ஏனெனில் விதைகள் அதில் ஒட்டியே பயணம் செய்கின்றன. வீட்டுக்கு வந்ததும் உடைகளைத் தனியாகத் துவைத்து, பிள்ளையைக் குளிக்கச் செய்யுங்கள். கையொப்பமிட்ட இசைவுப் படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்