கடலுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் தொடர்பாக மூன்றாம் முறை கொடுக்கும் மனு

அனுப்புநர்:
கடற்கரைத் தெரு மீன் விற்கும் பெண்கள் (41 பேர் கையெழுத்தும் கைநாட்டும்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: குழாயில் கோளாறு என்றால் ஊருக்கு உடனே தகவல் சொல்லவும், பாதுகாப்புக் கூட்டத்தில் எங்களுக்கு இடம் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: ஐப்பசியில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு, மார்கழியில் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தாங்கள் பொறுப்பேற்ற புதிதில் புயல் பாதுகாப்பு மையத்தைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். அதற்கு வடக்கே, ஐஸ் கொட்டகையைத் தாண்டி, தோண்டக்கூடாது என்று எழுதிய மஞ்சள் கல் நிற்கிறதே, அங்கேதான் குழாய் கடலுக்குள் இறங்குகிறது. இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1. குழாயை எடுக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. அந்தப் பேச்சை ஊர்ப் பஞ்சாயத்தார் தனியாகப் பேசிக்கொள்வார்கள்.

2. புரட்டாசிக் கடைசியில் ஒரு ராத்திரி, எட்டுப் பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத் தண்ணீரில் வலை விட்டிருந்த எங்கள் ஆட்களுக்கு நாற்றம் அடித்தது. தம் படகு எஞ்சினில்தான் ஒழுகுகிறது என்று நினைத்து டீசல் கேனைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். வலை கறுப்பாக வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. காலை ஒன்பது மணிக்குக் குழாய்க் கம்பெனி ஜீப் வந்தது. பிரஷர் குறைந்தது முந்தின நாள் சாயங்காலமே தெரியும், மேலே தகவல் கொடுத்தாகிவிட்டது என்று வந்தவர்களில் ஒருவரே சொன்னார். மேலிடத்துக்குத் தகவல் கொடுத்தவர்கள் கரையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு மீன்பாட்டுக்கே (கடலுக்கே) போயிருக்க மாட்டார்கள்.

3. எங்களுக்கு வலிப்பது இதுதான் ஐயா, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வலை போனது நஷ்டம், அதைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். மீனில் நாற்றம் என்று பெயர் வந்துவிட்டதே, அதை எந்தக் கடனில் கட்டுவது? கடலில் எண்ணெய் இரண்டு நாளில் கலைந்துவிட்டது, ஜனங்கள் வாயில் கலையவில்லை. தை மாதம் வரைக்கும் மத்தியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபது வருஷமாக மீன் வாங்கிய வாத்தியார் வீட்டம்மா, "உங்க கடல் மீன் வேண்டாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். பஸ்ஸில் அன்னக்கூடையை ஏற்றும்போது கண்டக்டர் முன்னால் கவிச்சி என்பார், இப்போது மண்ணெண்ணெய் என்கிறார். விற்காத காரப்பொடி மீனைக் கருவாடு போட்டோம், கருவாட்டு வியாபாரியும் முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதி விலைதான் கேட்டார். வட்டிக்காரர் மட்டும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. நிவாரணக் கணக்கு எடுத்தவர்கள் படகை எண்ணினார்கள், வலையை எண்ணினார்கள். கூடையை யாரும் எண்ணவில்லை.

4. கடலுக்குள் நடக்கும் எண்ணெய் வேலைக்கு 2008ஆம் ஆண்டிலிருந்து தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு, கம்பெனியும் அதிகாரிகளும் ஒத்துழைத்துத்தான் எல்லாம் நடக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். சரி ஐயா. எங்களில் ஒருத்தியின் அண்ணன் மகன், மும்பைக்கு அப்பால் கடலில் எண்ணெய் எடுக்கும் மும்பை ஹையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். 2005 ஜூலை 27 அன்று அங்கே அடிபட்ட ஒரு சமையல்காரரை இறக்க வந்த கப்பல் எண்ணெய் மேடையின் குழாயில் மோதி, அந்த மேடையே எரிந்து 22 பேர் இறந்தார்கள். அவனுக்குப் பாதுகாப்பு வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுத்தது, 1988இல் பிரிட்டன் பக்கத்து வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்த கதையாம். பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லும் சீட்டு ராத்திரி ஷிப்டுக்காரர் கைக்குப் போகவில்லை. அவர்கள் பம்பை ஓட்டிவிட்டார்கள். 167 உயிர் போனது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில், எண்ணெய் எடுப்பதைப் பார்க்கும் துறையே பாதுகாப்பையும் பார்க்கக்கூடாது என்று பிரித்தார்களாம். ஒரு சீட்டு போய்ச் சேராததால் வந்த வினை அது. எங்கள் ஊரில் இரண்டு மனுவே போய்ச் சேரவில்லை! கம்பெனியும் அதிகாரியும் ஒத்துழைப்பது நல்லதுதான், அந்த ஒத்துழைப்பு கம்பெனி வாசல் கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் எங்கள் புகார். ஒத்திகை நடந்ததாம். சங்கு ஊதியபோது ஊரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஒத்திகை என்று யாரும் சொல்லாததால்.

5. கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை நம்பர் 1554 என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாற்றம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரு அலுவலகத்தில் கடல் எங்களுடையதல்ல என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் கரை எங்களுடையதல்ல என்றார்கள். நடுவில் நிற்கிறோம். ராத்திரியில் எடுத்துத் தமிழில் பதில் சொல்கிற ஒரே ஒரு நம்பர் கேட்டால் இவ்வளவு கஷ்டமா ஐயா?

6. 2017இல் எண்ணூரில் கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியவர்களில் எங்களைப் போன்ற மீனவர்களும் இருந்தார்கள். அள்ளுவதற்குக் கூப்பிடலாம், உட்காருவதற்குக் கூப்பிடக்கூடாதா?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் ஊருக்கு ஒரு நாற்காலி, படகுக்காரர்களுக்கு ஒன்று போட்டால் கூடைக்காரிகளுக்கும் ஒன்று. ராத்திரிக்கு ஒரு நம்பர். குழாயைச் சோதித்தால் அதன் விவரம் தமிழில் ஏலக்கூடச் சுவரில். இவ்வளவுதான் கேட்கிறோம், இதையேதான் ஐப்பசியிலும் கேட்டோம். தயவு செய்து இந்த முறை பதில் போடுங்கள் ஐயா. முடியாது என்றாலும் முடியாது என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடற்கரைத் தெரு மீன் விற்கும் பெண்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல் 2, எண்ணெய் படிந்த வலைத் துண்டு 1, பாலித்தீன் பையில் (தாங்களே திறந்து முகர்ந்து பார்க்க வேண்டுகிறோம்).