ராமானுஜன் விழாக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கேம்பிரிட்ஜில் தேர்வில் தேறியும் பட்டம் மறுக்கப்பட்ட பெண்களைப் பற்றி, டிசம்பர் 22 கணித நாளுக்காக எங்கள் மாணவிகள் செய்த பலகை இப்போது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 'ராமானுஜன் காலத்துக் கேம்பிரிட்ஜ்' அரங்கிலிருந்து எடுத்து, உணவுக்கூடத்துப் படிக்கட்டுக்கு அடியில் சாத்தி வைத்திருக்கிறீர்கள். தலைப்புக்குப் பொருந்தவில்லையாம். கண்காட்சி மாதக் கடைசி வரை இருக்கிறது. பலகையைத் திரும்ப அரங்குக்குள் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பொருத்தத்தையே பேசுவோம். அரங்க வாசலில் 'மாணவர் உற்சாகம்' என்று எழுதி ஆளுயரப் படம் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். தெரு கொள்ளாத கூட்டம். மேலே அந்தரத்தில் சைக்கிளோடு தொங்கும் ஒரு பொம்மை. பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897 மே 21 அன்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுப்பு நடந்தபோது எடுத்த படம் அது. தொங்குவது பட்டம் கேட்ட பெண்ணின் கொடும்பாவி. தீர்மானம் தோற்றது, அதைத்தான் கொண்டாடினார்கள். கூட்டத்தை வாசலில் வைத்துவிட்டு, அது எதற்குக் கூடியது என்று சொல்லும் பலகையைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறீர்கள்.

அடுத்தது மரக்கரண்டி. அட்டையில் அழகாகச் செய்திருக்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். கேம்பிரிட்ஜின் கணிதப் பட்டத் தேர்வான டிரைபாஸில் கடைசியாகத் தேறியவர் பட்டம் வாங்கும்போது, நண்பர்கள் மாடத்திலிருந்து அந்தப் பெரிய கரண்டியைக் கயிற்றில் இறக்கிக் கேலி செய்வார்கள். 1909 வரை இருந்த வழக்கம். கேலிக்கு நடுவே அவருக்குப் பட்டமும் கிடைத்துவிடும். அதே தேர்வில் 1890-இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற மாணவி, ஆண்களில் முதலாவதாக வந்தவரைவிட, அதாவது 'சீனியர் ராங்ளரை'விட, 13 சதவீதம் கூடுதலாக வாங்கினார். 'சீனியர் ராங்ளருக்கு மேல்' என்று பெயரை வாசித்தார்கள், கைதட்டினார்கள், பட்டம் மட்டும் தரவில்லை.

பலகையில் மாணவிகள் அதிகம் உழைத்தது நீராவிக் கப்பல் பகுதிக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆண்கள் எழுதிய தேர்வையே எழுதித் தேறிய பெண்கள், 1904 முதல் 1907 வரை 700 பேருக்கு மேல், பட்டத்துக்காகக் கப்பலேறி அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனார்கள். அங்கிருந்த டிரினிட்டி கல்லூரி கட்டணம் வாங்கிக்கொண்டு தன் பட்டத்தைக் கொடுத்தது. ஏற்கெனவே படிப்புக்குக் கட்டியது போக, கப்பல் செலவு வேறு, பட்டத்துக்குப் பணம் வேறு. டப்ளினில் அவர்கள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. பள்ளித் தலைமையாசிரியை வேலைக்கு மனுப் போட்டால் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வேறு என்ன செய்வார்கள்? 'நீராவிக் கப்பல் பெண்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்துவிட்டது.

இதில் ராமானுஜன் எங்கே என்று கேட்டீர்கள். 1914-இல் போனவருக்கு 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கொடுத்தார்கள், டிரைபாஸ் எழுதச் சொல்லவில்லை. நமக்கெல்லாம் பெருமைதான். அதே ஆண்டு டிரைபாஸ் எழுதித் தேறிய கிர்ட்டன், நியூனம் கல்லூரிப் பெண்களுக்கு அந்த பி.ஏ. கிடையாது. ராமானுஜன் இறந்த மறு ஆண்டு, 1921 அக்டோபரில், பெண்களின் கோரிக்கை மறுபடி தோற்றது. அந்த மகிழ்ச்சியில் மாணவர்கள் கைவண்டியால் இடித்து நியூனம் கல்லூரியின் வாயிற்கதவைச் சிதைத்தார்கள். அதுவும் மாணவர் உற்சாகம்தானே? அந்தக் கதவையும் அட்டையில் செய்து வைத்திருக்கலாம். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று.

உங்கள் குழுவில் இருக்கும் ஒரே பெண்ணுக்கு வாசலில் கோலமும் விருந்தினருக்குத் தேநீரும் ஒதுக்கியிருக்கிறீர்கள். விழா இரவில் மாணவர்கள் பன்னிரண்டு மணி வரை மேளம் அடித்துச் சுற்றலாம், மாணவியர் விடுதிக்கு ஆறரைக்கே பூட்டு. இதையெல்லாம் எழுத இன்னொரு மடல் வேண்டும். இன்று கேட்பது பலகை மட்டும்தான்.

அருள்கூர்ந்து அதை அரங்குக்குள், அந்த வாசல் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்க அனுமதியுங்கள். தூக்க ஆள் வேண்டாம், மாணவிகளே தூக்கி வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை அரங்கச் சாவியைத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
கணிதத் துறை ஆசிரியை