இல்லாத பெருவிரல்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

"மனம் என்று தனியாக ஒன்றுமில்லை அப்பா, எல்லாம் மூளைதான்" என்று போன கிழமை சொன்னாய். நான் வாய் திறக்க முதல் தம்பி போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அதனால் இந்தக் கடிதம்.

சீனி வருத்தத்தில் இடது காலை எடுத்துப் பத்து மாதமாகிறது. நேற்று இரவு அந்தக் காலின் பெருவிரல் கடித்தது. நுளம்பு குத்தியதுபோல ஒரே சொறி. கை தானாகப் போனது, அகப்பட்டது பாய்தான். "என்ன தேடுறீங்க?" என்றாள் அம்மா. என்ன சொல்ல?

நீ சொன்ன இராமச்சந்திரனின் கண்ணாடி வித்தையைச் செய்து பார்த்தேன். தமிழ்நாட்டில் பிறந்த அந்த மருத்துவர் 1990களில் கை இழந்தவர்களுக்குச் செய்தது. அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி, தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, வலது பெருவிரலைச் சொறிந்தேன். கண்ணாடிக்குள் இடது கால் முழுசாக இருந்தது. கடி அடங்கிவிட்டது! பொய் என்று தெரிந்தும் அடங்கியது. சரி, கால் போனாலும் மூளைக்குள் காலின் இடம் அழியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடித்தது யாருக்கு? ஸ்கேன் எடுத்து மூளையைக் காட்டலாம். அந்தப் படத்தில் கடி இருக்காதே.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். மனம் சடம் என்பதில் நமது சைவ சித்தாந்தமும் உன் கட்சிதான். 36 தத்துவங்களில் மனம், புத்தி, அகங்காரம் எல்லாம் மண்ணையும் நீரையும் போல மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வந்தவை. அறிகிற ஆன்மா வேறு. சின்ன வயதில் கோயில் வகுப்பில் இதைக் கிளிபோல ஒப்பித்தேன். இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது.

வேறென்றால் அது உடம்பை எப்படித் தொடுகிறது? 1643இல் எலிசபெத் என்ற இளவரசி, ஆன்மா வேறு உடம்பு வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதி இதைத்தான் கேட்டாள். வயது 24. அவர் சுற்றி வளைத்து, ஆன்மாவும் உடம்பும் ஒன்றாயிருப்பதை யோசித்து அறிவதைவிட அன்றாடம் வாழ்ந்தும் பேசிப் பழகியும்தான் அறியலாம் என்றார். முன்பு வாசித்தபோது மழுப்பல் என்று நினைத்தேன். கால் போனபின் அப்படித் தோன்றவில்லை. இளவரசி அதற்கும் மசியவில்லை, உன்னைப்போல.

கண்ணாடியைத் திரும்பப் பூட்டச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். நான் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்பா