அந்தப் பிள்ளையின் படத்தில் பிழை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் அறிவியல் பக்கத்தில் சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அனுப்பிய படம் வெளியாகியிருந்தது. உடலெல்லாம் இறகு மூடிய சிறிய டைனோசர் ஒன்று, வாயில் கவ்விய குச்சியால் பட்டுப்போன மரத்தின் பொந்தைத் துழாவிப் புழுவை வெளியே இழுக்கிறது. அதன் கீழே தாங்கள் அச்சிட்ட வரி இது: “கற்பனையைக் குறைத்துக்கொண்டு, உண்மையில் இருந்ததை வரையப் பழகவும்.” உண்மை எப்படி இருந்தது என்று அவளுக்குக் காட்டுவதற்காக அருகிலேயே வெலாசிராப்டர் என்ற டைனோசரின் படமும் இருந்தது. பச்சைத் தோல், உடல் முழுக்கச் செதில், ஓர் இறகுகூட இல்லை. ஆர்மோனியம் வாசிப்பவரின் கைகளைப்போல் இரு உள்ளங்கைகளும் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. வரைந்தவர் யார் என்று பெயரும் இல்லை.

அந்த வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். “இப்படியெல்லாமா வரைவார்கள்?” என்று பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லுக்காக வண்ணப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, பிறகு திறக்கவே திறக்காத பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொன்னால்கூட ஆறிவிடும். அச்சில் வந்தால், ஊரே படித்துவிட்டது என்றுதான் அந்த வயது நினைக்கும்.

வெலாசிராப்டரின் முன்கை எலும்பில், இறகுத்தண்டுகள் பதிந்திருந்த முண்டுகள் வரிசையாக இருப்பதை 2007இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். தாங்கள் அறியாததல்ல. சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து இழை போன்ற இறகுகளோடு சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர் 1996இல் உலகுக்கு அறிமுகமானது. அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்பதைக்கூட, புதைபடிவத்தில் எஞ்சியிருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து 2010இல் சொல்லிவிட்டார்கள். இவ்வளவும் தெரிந்த ஓர் ஆசிரியர் குழு, செதில் போர்த்திய படத்தை “உண்மை” என்றும், இறகு வைத்து வரைந்த பிள்ளையின் படத்தைக் “கற்பனை” என்றும் எப்படிப் பிரித்தது? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

கற்பனையைக் குறைக்கச் சொல்கிறீர்கள். இந்தத் துறையில் ஓவியரின் கற்பனை எத்தனை முறை மண்வெட்டிக்கு முன்னால் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பறவைகளின் மூதாதை கால்களிலும் இறகு விரித்து, நான்கு சிறகுகளோடு மரத்துக்கு மரம் மிதந்திருக்கலாம் என்று அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீப் 1915இல் எழுதிப் படமும் வெளியிட்டார். அப்படி ஓர் உயிரை அதுவரை யாரும் தோண்டியெடுத்ததில்லை. 2003இல் சீனப் பாறையிலிருந்து நான்கு சிறகுகளோடு மைக்ரோராப்டர் என்ற சிறு டைனோசர் வந்தது. 1975இல் சாரா லாண்ட்ரி என்ற ஓவியர் ஒரு சிறு டைனோசருக்கு இறகு வைத்து வரைந்தார். டைனோசர் இறகுக்குக் கல்லில் சான்று கிடைக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இவர்களிடம் கற்பனையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லாமல் விட்டது அறிவியலுக்கு நல்லதாகப் போயிற்று.

சரி, இறகைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். குச்சிதான் உறுத்தியது போலும்.

கருவி பிடிக்கும் டைனோசரைக் கற்பனை செய்தவள் இந்த மாணவி மட்டுமல்ல. கனடாவின் தொல்லுயிரியலாளர் டேல் ரஸ்ஸல், டைனோசர்கள் அழியாமல் இருந்திருந்தால் பெரிய மூளை கொண்ட ட்ரூடான்டிட் குடும்பத்து விலங்கு எப்படி வளர்ந்திருக்கும் என்று யோசித்து, சிற்பி ரான் செகினோடு சேர்ந்து 1982இல் முழு உருவச் சிலை ஒன்றையே செய்தார். நிமிர்ந்த முதுகு, வாலில்லாத உடல், பெரிய கண்கள், மூன்று விரல்கள், இறகற்ற தோல். அறிவு வளர்ந்தால் மனித உருவம்தான் வரவேண்டுமா என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஜெவ்தெத் மெஹ்மெத் கோஸெமென், சைமன் ராய் என்ற இரு ஓவியர்கள் அதற்குத் தூரிகையாலேயே பதில் சொன்னார்கள். அவர்கள் வரைந்த அறிவுள்ள டைனோசருக்கு இறகும் அலகும் உண்டு. உடல் பறவையைப்போலக் கிடைமட்டமாக இருக்கும். கருவியை அது வாயால் பிடிக்கும்.

மாணவியின் படத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். குச்சி எங்கே இருக்கிறது? வாயில். அந்த விலங்கின் மணிக்கட்டு பறவைச் சிறகைப்போலப் பக்கவாட்டில் மடங்குவது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்கும், தரையை நோக்கித் திரும்பாது. விரலிலிருந்தே நீண்ட இறகுகள் புறப்படுவதால் ஒற்றைக் கையால் குச்சியைப் பிடித்து ஆட்டுவது எளிதல்ல. வாய்தான் பொருத்தம். உடற்கூற்றின்படி அந்தப் பிள்ளையின் படம் தங்கள் படத்தைவிடச் சரியானது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

டைனோசர் குச்சி பிடித்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் அதன் உறவினர்களைப் பாருங்கள். பறவைகள் டைனோசர் வழிவந்தவை. நியூ கலிடோனியத் தீவின் காகம் கிளையை ஒடித்துக் கொக்கி செய்கிறது. தாழை இலையின் ஓரத்தைப் படிப்படியாகக் கிழித்துத் துழாவுகோல் செய்கிறது. 1996இல் இது ஆய்விதழில் வந்தது. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற காகம் நேரான கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி, உணவிருந்த சிறு வாளியைத் தூக்கியெடுத்தது. இன்னொரு பக்கத்து உறவு முதலை. நம் வடநெம்மேலி முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்ததையும், சுள்ளி எடுக்க வரும் பறவையைப் பிடிக்கவே அப்படிச் செய்கின்றன என்பதையும் விளாதிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013இல் எழுதினார்கள். அதன் பொருள் குறித்து விவாதம் இருக்கிறது, இருக்கட்டும். காகத்துக்கும் முதலைக்கும் நடுவில் நிற்பது டைனோசர். இரண்டு பக்கமும் குச்சி இருக்கும்போது நடுவில் ஒரு குச்சியை வரைந்து பார்ப்பது எப்படிக் குற்றமாகும்?

அறிஞர்களே இதில் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். டைரனோசாரஸின் முன்மூளையில் பபூன் குரங்குக்கு இணையான நரம்புச் செல்கள் இருந்திருக்கும் என்று சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் 2023இல் கணக்கிட்டார். மறு ஆண்டே வேறொரு குழு, அவ்வளவு இல்லை, முதலையின் அளவுக்குத்தான் என்று மறுத்தது. குச்சியோ மட்கிப் போவது. நியூ கலிடோனியக் காகம் அழிந்து எலும்பு மட்டும் மிஞ்சியிருந்தால், அது கொக்கி செய்தது என்பது எவருக்கும் தெரிந்திருக்காது. கல்லில் பதியாத அந்த வாழ்க்கையை ஓவியர் வரைந்து காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவது?

மனத்தில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் துணைப்பாட நூல் வெளியிடும் ஒரு நிறுவனத்துக்காக இறகோடு ஒரு டைனோசர் வரைந்து கொடுத்தேன். “கோழி மாதிரி இருக்கிறது, பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்” என்றார்கள். புத்தகம் வந்தபோது என் படத்தின் இறகுகளை எல்லாம் யாரோ பச்சை வண்ணத்தால் மூடியிருந்தார்கள். பேசிய பணமும் வரவில்லை, பெயரும் போடவில்லை. தங்கள் இதழிலும், டெரனோடானைப் “பறக்கும் டைனோசர்” என்று எழுதியபோது அது டைனோசரே அல்ல என்று பணிவோடு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அரியலூர் மாவட்டப் புதைபடிவங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், 1987இல் பெயர் சூட்டப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் பெருத்த உடலைப் பற்றியே பத்தி பத்தியாக இருந்தது. அது கிடைத்த அதே கல்லமேட்டுப் பாறைப் படிவத்திலிருந்து ட்ரூடான்டிட் ஒன்றின் சிறிய பல் கிடைத்து, 2013இல் ஆய்விதழில் வந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரஸ்ஸல் சிலை செய்த அதே குடும்பம்! அறிவுள்ள டைனோசர் என்று உலகம் எதைக் கற்பனை செய்ததோ, அதன் உறவினர் ஒருவரின் பல் எங்கள் மாவட்டத்து மண்ணில் கிடந்திருக்கிறது. அந்தப் பல்லை வைத்து ஒரு விலங்கை வரையச் சொல்லி எங்கள் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் என்னென்ன வந்திருக்கும்! கேட்கத்தான் ஆளில்லை.

தங்களிடம் வேண்டுவது அதிகமில்லை. இனி டைனோசர் படம் வெளியிடும்போது, எது எலும்பிலிருந்து தெரிந்தது, எது ஓவியரின் ஊகம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். வரைந்தவர் பெயரை, சிறிய எழுத்திலாவது, போடுங்கள். அந்த மாணவியின் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கும். அவள் படத்தில் பிழையில்லை என்று ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டால் போதும்.

கல்லமேட்டுப் பல்லை ஆதாரமாகக் கொண்டு நான் வரைந்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பல்லைத் தவிர மற்றவை என் ஊகம் என்று அதன் கீழேயே குறித்திருக்கிறேன். வெளியிட இடமில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
அரியலூர் மாவட்டம்.