கதிருக்கு, மோட்டார் விஷயமாக

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். உன் அம்மாவும் நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. நீ அனுப்பிய மூன்று டிரெட்மில் படங்களும் வந்து சேர்ந்தன. போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உடனே படிக்காவிட்டாலும் எடுத்து வை.

நாற்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். என்னிடம் "எந்த மோட்டார் நல்லதுப்பா?" என்று நீ இதுவரை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. மிக்ஸி வாங்கினாய், கேட்கவில்லை. வாஷிங் மெஷின் வாங்கினாய், கேட்கவில்லை. இப்போது கேட்டிருக்கிறாய். பட்டறையில் பழனிச்சாமியிடம் படங்களைக் காட்டினேன். "சென்னையில் அத்தனை பெரிய வேலையில் இருக்கிறவன், நம்மைக் கேட்டுத்தான் வாங்குகிறான் பார்" என்றேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? புதன்கிழமை சுகன்யா உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினாள். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்து, "பாப்பாவுக்குச் சளியாம்" என்றாள். பாப்பாவின் சளிக்கு யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. மோட்டாருக்கு வருகிறேன்.

முதல் படத்தில் 4 எச்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். அதன் அடியில் பொடி எழுத்தில் "பீக்" என்று இருக்கிறது, பார். பீக் என்பது மோட்டார் ஒரு நொடி தம் பிடித்துக் காட்டும் பலம். நமக்கு வேண்டியது கன்டினியூவஸ், அதாவது அரை மணி நேரம் ஓடினாலும் குறையாத பலம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். நான்குக்கு 2,984 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர் வருகிறது, சூட்டில் போகும் நஷ்டத்தைச் சேர்க்காமலே. ஆனால் அவன் வயரின் நுனியில் மாட்டியிருப்பது 6 ஆம்பியர் பிளக்! அதில் 1,380 வாட்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? படத்தைப் பெரிதாக்கி அந்தப் பிளக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்.பி.யை யாரும் அச்சடிக்கலாம், பிளக் பொய் சொல்லாது.

இரண்டாவது படத்தில் கன்டினியூவஸ் 2 எச்.பி. என்று தெளிவாக எழுதியிருக்கிறான், 16 ஆம்பியர் பிளக்கும் கொடுத்திருக்கிறான். அது தேவலை.

"நடக்கத்தானே போகிறீர்கள், சின்ன மோட்டாரே போதும்" என்று கடைக்காரன் சொல்வான். கேட்காதே. வீட்டு டிரெட்மில்லில் பெரும்பாலும் இருப்பது டி.சி. மோட்டார். வேகமாக ஓடுவதைவிட, கனமான ஆள் மெதுவாக நடக்கும்போதுதான் அது திணறும். அடி வைக்கும்போதெல்லாம் பெல்ட் பலகையோடு அழுந்தும், மோட்டார் கரன்ட்டை இழுக்கும். குளிர்விக்கும் விசிறியும் அதே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு ஏறும், காற்று போதாது. கனமான ஆள் என்று எழுதிவிட்டேன். மோட்டாருக்காகச் சொன்னது.

போன வருடம் வடவள்ளியிலிருந்து ஒரு டாக்டர் வீட்டு டிரெட்மில் பட்டறைக்கு வந்தது. மேல்மூடியைக் கழற்றியதுமே வார்னிஷ் கருகிய வாடை. உள்ளே பஞ்சுபோல் தூசி, கார்பன் பிரஷ் தேய்ந்த கரி, அதற்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளையின் ரோஸ் நிற ஹேர் கிளிப். பெல்ட்டைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று வறண்டு கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் காட்டவில்லை. முகப்பில் மொத்தம் ஓடிய தூரம் 41 கிலோமீட்டர் என்று இருந்தது. நான்கு வருடத்தில் டாக்டர் பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்கிறார், திரும்பி வரவில்லை.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு டாக்டரைப் பார். டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட், எடுத்துப் பார்த்துவிடு. நானும் எடுத்தவன்தான், பயப்பட ஒன்றுமில்லை. நெஞ்சு முடியைச் சிரைத்து, பத்துப் பட்டன்களை ஒட்டி, வயர் மாட்டி ஏற்றிவிடுவார்கள். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் பலகை 10 சதவீதம் ஏற்றத்தில் நிற்கும். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இப்படியே மூன்று மூன்று நிமிடமாகக் கூட்டுவார்கள். 1963-இல் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறை. நான் ஏழு நிமிடம் நின்றேன். உன் வயதுக்கு நீ பத்துக்கு மேல் நிற்க வேண்டும். நிற்காவிட்டாலும் ஒன்றுமில்லை, எதற்காக என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதுதான் மோசம்.

ஊர்ச் செய்தி: உன் அத்தை பேத்திக்குச் சீர் வைத்திருக்கிறார்கள், தேதி பிறகு. பின்வீட்டு வேப்ப மரத்தை வெட்டிவிட்டார்கள், மதியத்தில் பட்டறைக்குள் உட்கார முடியவில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்று இந்த வாரம் சொல்லிவிடு. சர்க்கரையும் பார்க்கச் சொல். நம் வீட்டுப் பக்கம் யார் யாருக்கு என்ன என்பது உனக்கே தெரியும், அப்பாரு போன வயதும் தெரியும்.

இன்னொன்று. சென்னையில் நடக்க இடமா இல்லை? கடற்கரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடக்க ஐம்பதாயிரம் ரூபாயா? இங்கே ரேஸ்கோர்ஸில் சுற்றுக்கு இரண்டரைக் கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கே ஜனங்கள் காது மறைத்து மப்ளர் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்னைவிட மூத்தவர்கள் நடக்கிறார்கள். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுகிறேன், ஒரு நாளாவது வந்ததுண்டா? போர்வையை இழுத்து மூடிக்கொள்வாய். சோம்பல்தான் உனக்கு.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வந்து மூன்றாவது படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதன் கீழே நீ எழுதியிருக்கிறாய்: "கதவைச் சாத்தினால் வெளியே யாருக்கும் தெரியாத அளவுக்குச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும்." கீழ் வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்பதற்காக எழுதியதாக நினைத்திருந்தேன். அப்படியானால் கீழ் வீடு என்று எழுதியிருப்பாயே. யாருக்கும் என்று ஏன் எழுதுகிறாய்?

நீ ஏழாம் வகுப்பு. பள்ளி விளையாட்டு விழா. நான் கிரீஸ் கையோடு வந்தேன், பட்டறைப் பையன்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். 800 மீட்டர், இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டும்போது நீ கடைசி. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை லேசாகத் தூக்கினாய். நான் என்ன செய்தேன்? "மாவு மூட்டை உருண்டு வருகிறது பாருங்கடா" என்று கத்தினேன். பையன்கள் சிரித்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். வளைவு வரைக்கும் ஓடினாய். அங்கே நின்று, கோட்டை விட்டு இறங்கி, குழாயடிக்குப் போய் முகம் கழுவினாய். வெகுநேரம் கழுவினாய். குழாயை மூடாமலே போய்விட்டாய், டிரில் மாஸ்டர் வந்து மூடினார்.

அதற்குப் பிறகு பட்டறையில் எல்லோருக்கும் நீ மூட்டை. நான் ஒருவனையும் அதட்டவில்லை. நானே அப்படித்தான் கூப்பிட்டேன். உன் கல்யாணப் பந்தியில், சுகன்யா வீட்டார் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்க, "மூட்டைக்கு இன்னும் இரண்டு இட்லி போடு" என்றேன். எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். இலையில் இருந்த இட்லியைத் தொடாமல் மூடிவிட்டு எழுந்தாய். அதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் ரசம் கேட்டேன்.

பாசத்தில் சொன்னது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஒரு தடவை, "அவனை அப்படிக் கூப்பிடாதீர்கள்" என்றாள். அவளையும் கேலி செய்தேன். ரேஸ்கோர்ஸுக்கு நீ ஏன் வரவில்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது. அங்கே அத்தனை பேர் பார்ப்பார்கள், பக்கத்தில் நானும் நடப்பேன்.

மேலே சோம்பல் என்று எழுதியதை அடித்துவிட நினைத்தேன். அடித்தால் என்ன எழுதியிருந்தது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். அப்படியே இருக்கட்டும். அது தப்பு. நான் செய்தது தப்பு, கண்ணு.

அறைக்குள்ளேயே நட. கதவைச் சாத்திக்கொண்டே நட.

இரண்டாவது படத்தில் உள்ளதையே வாங்கு. பெல்ட் 45 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறது, நடக்கத் தாராளம். தாங்கும் எடை என்று ஓர் அளவு போட்டிருப்பான். உன் எடை அதைவிட இருபது கிலோவாவது குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நீயே பார்த்துக்கொள். அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வு கீழே இறங்காது. பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிடாதே, ஆறடி இடம் விடு, தவறி விழுந்தால் சுவரில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சிவப்புக் கயிற்றுச் சாவியை ஒவ்வொரு முறையும் சட்டையில் மாட்டு, நீ தடுமாறினால் அது பிடுங்கிக்கொண்டு எந்திரம் நின்றுவிடும். நடந்து முடித்ததும் அதைக் கழற்றிப் பாப்பாவுக்கு எட்டாத இடத்தில் வை. எந்திரம் ஓடும்போது அவள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இப்படி இறந்துபோய், ஒரு நிறுவனம் சுமார் 1,25,000 டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. அந்த ரோஸ் கிளிப்பைப் பார்த்த அன்று எனக்குப் பாப்பா ஞாபகம்தான்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கெல்லாம் அவசரமில்லை. முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் போதும். அதுவும் டாக்டர் சொன்ன பிறகு.

டெஸ்ட் என்றைக்கு என்று மட்டும் சொல். முதல் நாள் கோவை எக்ஸ்பிரஸில் வந்துவிடுகிறேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ நடக்கும்போது உள்ளே வரமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விட்டுவிடாதே. சிலிக்கான் ஆயில் நான் கொண்டு வருகிறேன். அந்த அறையில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.