மணல் அள்ளித் தந்த கைகளுக்கு நன்றி

தனுஷ்கோடி முதல் கீழக்கரை வரை, மணலிலும் கரையோர நீரிலும் நோய் தரும் பூஞ்சை தேடும் வேலைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி பாசி எடுக்கும் அக்காமாருக்கு. எந்த மணலை அள்ளுவது என்று முடிவு செய்தது நீங்கள்தான். அலை கழுவிப்போகும் ஈர மணலைவிட, அலை எட்டாத காய்ந்த மணலில்தான் பூஞ்சை தங்கும். அந்த எல்லை ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஓரிடம், பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கம் வேறிடம். காற்று திரும்பினால் அதுவும் நகரும். "தாழை ஒதுங்கிக் கிடக்குதுல்ல, அதுக்கு மேல அள்ளுங்க" என்று, கரையொதுங்கிய கடற்புல்லைக் காட்டிச் சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தைதான் அளவுகோல். வெயில் சுட்ட மேல் மணலை ஒதுக்கிவிட்டு, 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் மூன்று இடத்தில் அள்ளிக் கலந்தால் ஒரு மாதிரி.

அக்னி தீர்த்தத் துப்புரவுப் பணியாளர்களே, மணலை எந்த நேரத்தில் வாரிப் புரட்டுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னீர்கள். அது தெரியாமல் அள்ளியிருந்தால், அமாவாசைக் கூட்டம் விட்டுப்போன ஈரத்துணிக்கு அடியில் இருந்த மணலையும் புதிதாகப் புரண்ட மணலையும் ஒன்றென்று எண்ணியிருப்போம்.

வள்ளத்து அண்ணன்மார் பார் ஐஸ் உடைத்துத் தந்தீர்கள். மீன் ஐஸ் உருகிய தண்ணீர் பைக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும் மணலில் இல்லாததெல்லாம் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் தட்டில் முளைக்கும். அதனால்தான் இரட்டைப் பை, அதன் மேல் டப்பா. மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்தால் பூஞ்சையில் ஒரு பங்கு செத்துவிடும்.

ஆய்வகத்துத் தம்பி தங்கைகளுக்குத் தனி நன்றி. 40 கிராம் மணல், 40 மி.லி. கிருமி நீக்கிய தண்ணீர், அரை மணி நேரக் குலுக்கல், பிறகு தட்டில் 0.2 மி.லி. எழுதினால் ஒரு வரிதான். தொல்லை அதற்குப் பின்னால். கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் சில நாளிலேயே தட்டை மூடிவிடும். படர்தாமரைப் பூஞ்சையோ தலைகாட்டவே ஒரு வாரத்துக்கு மேலாகும். சைக்ளோஹெக்ஸிமைடு என்ற பூஞ்சை அடக்கும் மருந்து கலந்த தட்டு முன்னதை அடக்கும், ஆனால் நமக்கு வேண்டிய சில கேண்டிடா (ஈஸ்ட் வகைப் பூஞ்சை) இனங்களையும் சேர்த்து அடக்கும். ஆக ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு வகைத் தட்டு. கழுவுகிற வேலையும் இரட்டிப்பு. முணுமுணுத்தீர்கள்தான், ஆனாலும் செய்தீர்கள்.

சலூன்காரருக்கு என்ன நன்றி என்று பலர் கேட்டார்கள். முடியைத் தின்னும் பூஞ்சையைப் பிடிக்க முடிதான் தூண்டில். அதுவும் சின்னப் பிள்ளைகளின் முடி. பெரியவர்கள் தலையில் ஊறும் கொழுப்பு பூஞ்சையைத் தடுக்கும். கழுவி, 121 டிகிரியில் 15 நிமிடம் அவித்து, ஈர மணல் மேல் தூவி நான்கு வாரம் இருட்டில் வைக்கிறோம். காய்ந்தால் ஒன்றும் வராது, தண்ணீர் தேங்கினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். சரியாக அமைந்தால் முடியின் மேல் சுண்ணாம்புத் தூள் பூசியதுபோல் வெள்ளை படரும். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டே முடியைத் தாளில் மடித்துத் தந்தாரே, அந்தப் பொறுப்புக்குத்தான் நன்றி.

"அந்தமான்ல கண்டுபிடிச்சாங்களாமே" என்று பலர் கேட்டீர்கள். உண்மைதான். கேண்டிடா ஆரிஸ் என்ற நோய் தரும் பூஞ்சையை அங்கே உவர்ச் சதுப்பிலும் ஒரு கடற்கரையிலும் கண்டதாக 2021-இல் கட்டுரை வந்தது. 42 டிகிரிச் சூட்டிலும் 10 சதவீத உப்பிலும் வளரும் என்பதால், அதே சூட்டையும் உப்பையும் கொடுத்துத்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அது பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர்களைத்தான் தாக்கும். கடலில் குளிக்கப் பயப்படாதீர்கள்.

சங்கு குளிக்கும் அண்ணன்மாரே, கரையேறியதும் காதில் எண்ணெய் விட்டுக் குச்சியால் குடையாதீர்கள். முன்னே சொன்ன கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸுக்கு அது விருந்து. அக்காமாரே, சேற்றுப்புண் வராமலிருக்க விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள். படர்தாமரைக்கு மெடிக்கலில் வாங்கும் டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் அரிப்பு நிற்கும், அப்புறம் இரண்டு மடங்காகப் படரும்.

வாங்கிய ஐஸ் பெட்டிகளை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். மூடி உடைந்த பெட்டி யாருடையது என்று மட்டும் சொல்லுங்கள், புதுசு வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
மணல் மாதிரிக் குழுவினர்